மணிலாவின் புளிப்புப் பானை

பிலிப்பைன்ஸின் தேசிய நாயகர் ஹோசே ரிசால் எழுதிய 'நோலி மெ தாங்ஹெரே' நாவல் 1887இல் பெர்லினில் அச்சானது. ஸ்பானியப் பாதிரிமார்களின் ஆட்டத்தை அம்பலப்படுத்திய புத்தகம் அது. அந்தப் பகையும் சேர்ந்துகொள்ள, 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் ரிசால் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசியல் சூடு பறக்கும் அந்த நாவலின் நடுவே ஒரு சமையல் காட்சி வருகிறது. இளைஞர் கூட்டமொன்று ஏரியில் படகேறி மீன்பிடிக்கப் போகிறது. நாயகி மரியா கிளாராவோடு ஒரே தாயிடம் பால் குடித்து வளர்ந்த அந்தெங் என்ற பெண் சமையலில் கைதேர்ந்தவள். மீன் கைக்கு வருமுன்பே அவள் அரிசி கழுவிய தண்ணீர், தக்காளி, காமியாஸ் காய் எல்லாவற்றையும் எடுத்து வைத்து அடுப்பு வேலையைத் தொடங்கிவிடுகிறாள். மீனைத்தான் காணோம். தண்ணீருக்குள் நட்டிருந்த மூங்கில் அடைப்புக்குள் முதலை ஒன்று புகுந்திருக்கிறது!

முதலையை அடக்கும் வீர சாகசத்தைத்தான் வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். சமையல் வரலாறு பார்ப்பவர்களுக்கு அந்தெங்கின் பானைதான் முக்கியம். கழுநீர், தக்காளி, புளிப்புக் காய் மூன்றும் சேர்ந்தால் அது சினிகாங். ஏறத்தாழ 140 ஆண்டுகள் கழித்து இன்று மணிலாவில் ஒரு வீட்டில் சினிகாங் வைத்தாலும் அடுப்பில் முதலில் ஏறுவது இவைதான். மீனுக்குப் பதில் பன்றிக்கறி வரலாம், காமியாஸுக்குப் பதில் மாங்காய் வரலாம். பானை மாறவில்லை.

சினிகாங் என்பது புளிப்பேற்றிய தெளிந்த சாறு. அதற்குள் மீன், இறால், மாட்டுக்கறி, பன்றிக்கறி என்று ஏதாவது ஒன்று கிடக்கும். கூடவே முள்ளங்கி, காராமணிக்காய், கத்தரி, வெண்டை, சேப்பங்கிழங்கு, கங்குன் கீரை, நீளமான பச்சைமிளகாய் ஒன்றிரண்டு. உப்புக்குப் பாதிஸ் என்கிற மீன்சாறு. எண்ணெயும் இல்லை, தாளிப்பும் இல்லை, அரைத்த மசாலாவும் இல்லை. வெள்ளைச் சோற்றின் மேல் சாற்றை ஊற்றிச் சாப்பிட வேண்டியதுதான்.

பிலிப்பைன்ஸின் அடையாள உணவு எது என்று வெளிநாட்டுச் சமையல் புத்தகங்களைக் கேட்டால் காடி ஊற்றி இறைச்சி வேகவைக்கும் அடோபோ என்று சொல்லும். இதை மறுத்துச் சினிகாங்கின் பக்கம் நின்று வாதாடியவர் டோரீன் காம்போவா ஃபெர்னாண்டஸ் (1934-2002). நீக்ரோஸ் தீவின் சிலாய் நகரத்துக்காரர். மணிலாவின் அத்தெனியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். நாடக வரலாற்றிலும் உணவு எழுத்திலும் ஒருசேரப் பெயர் எடுத்தவர். எடில்பெர்த்தோ அலெக்ரேயுடன் சேர்ந்து 1988இல் வெளியிட்ட 'சரப்' தொகுப்பில் 'ஏன் சினிகாங்?' என்ற அவரது கட்டுரை இருக்கிறது. பிலிப்பைன்ஸ்காரர்களின் நாக்குக்கு மிகப் பொருத்தமானது இந்தப் புளித்த சாறுதான். மீனை விரும்பாதவருக்கு இறைச்சி போடலாம், கையில் காசு இல்லாதவர் பொடிமீன் போடலாம், சந்தையில் கத்தரி கிடைக்காவிட்டால் கீரையோடு முடித்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். யார் வீட்டு அடுப்புக்கும், எந்தப் பருவத்துக்கும் வளைந்துகொடுக்கும் உணவு என்பதைத்தான் அவர் அதன் முதல் தகுதியாகப் பார்த்தார்.

இந்த வளைந்துகொடுக்கும் குணத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. பானைக்குள் கிடப்பவற்றில் பலவும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கப்பலில் ஏறி அந்தத் தீவுகளுக்கு வந்திருக்கின்றன.

முதலில் பன்றி. வட லூசோனின் ககயான் பள்ளத்தாக்கில் நக்சபரான் என்னும் இடத்தில் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்த எலும்புகள், சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வீட்டுப்பன்றி வளர்த்தார்கள் என்று காட்டுகின்றன. தைவான் பக்கமிருந்து படகேறி வந்த ஆஸ்திரோனேசிய மொழிக் குடிகளோடு வந்த பன்றி அது என்பது ஆய்வாளர்களின் கருத்து. வீட்டடியில் மேய்ந்து, மிச்சம் மீதியைத் தின்று வளர்ந்த பன்றி, சடங்குக்கும் விருந்துக்கும் மட்டுமே வெட்டப்பட்டது. அன்றாடப் பானைக்கு மீன் இருந்தது.

எழுத்தில் பன்றிக்கறி விருந்து பதிவாவது 1521இல். மெகல்லனின் கப்பலில் வந்த இத்தாலியர் அந்தோனியோ பிகாஃபெட்டா, லிமசாவா தீவின் அரசரோடு உணவருந்திய கதையை எழுதி வைத்திருக்கிறார். இரண்டு பெரிய பீங்கான் தட்டுகள் வந்தன. ஒன்றில் சோறு, மற்றதில் சாறோடு பன்றிக்கறி. அன்றைக்குப் பெரிய வெள்ளி. கத்தோலிக்கர் இறைச்சியைத் தொடக்கூடாத நாள். வேறு வழியில்லாமல் சாப்பிட்டேன் என்று பிகாஃபெட்டா ஒப்புக்கொள்கிறார். அந்தச் சாறு புளித்ததா என்று அவர் எழுதவில்லை. ஆனால் சோறு ஒரு தட்டிலும் சாறோடு பன்றிக்கறி இன்னொரு தட்டிலும் என்ற பந்தி அமைப்பு அன்றே இருந்திருக்கிறது. அதே பயணத்தில், செபு தீவில் இரண்டு மூதாட்டிகள் நடத்திய பன்றிப் பலிச் சடங்கையும் அவர் விரிவாக வர்ணித்திருக்கிறார்.

எல்லாத் தீவுகளிலும் பன்றி ஏற்கப்பட்டதும் இல்லை. 1571இல் ஸ்பானியத் தளபதி மிகுவெல் லோபெஸ் டி லெகாஸ்பி மணிலாவைப் பிடித்துத் தலைநகராக்கியபோது அங்கே ஆண்டுகொண்டிருந்த ராஜா சுலைமான் முஸ்லிம். தெற்கே மின்டனாவோ, சூலு முஸ்லிம்களின் சமையலில் இன்றும் பன்றி கிடையாது. ஸ்பானிய ஆட்சியும் சீன வணிகமும் மணிலாவில் கால் ஊன்றிய பிறகு அங்கே பன்றிக்கறி சந்தைச் சரக்காயிற்று. சீனர்களுக்கென்று 1581இல் ஒதுக்கப்பட்ட பரியான் சந்தையைப் பற்றி ஆயர் தோமிங்கோ டி சலசார் 1590இல் அரசருக்கு எழுதிய கடிதத்தில், அங்கிருந்த சாப்பாட்டுக் கடைகளையும் இறைச்சி விற்பனையையும் குறிப்பிடுகிறார். பணம் கொடுத்தால் எந்த நாளும் கறி கிடைக்கும் நகரம் உருவாகிவிட்டது. நோன்பு வெள்ளிக்கிழமைகளில் பானைக்குள் பாங்கூஸ் மீன், மற்ற நாளில் பன்றி என்று கத்தோலிக்க நாட்காட்டியும் சமையலில் கை வைத்தது.

இனி புளிப்பு. இதில்தான் சினிகாங்கின் உயிர் இருக்கிறது.

தமிழ்நாட்டுச் சமையலில் புளி என்றால் பழுத்துக் காய்ந்த புளியம்பழம். பிலிப்பைன்ஸ்காரர்கள் புளியமரத்தின் பச்சைக் காயை அவித்து மசித்துச் சாறெடுக்கிறார்கள். கொழுந்தையும் பூவையும்கூட விடுவதில்லை. புளியங்கொழுந்து போட்ட கோழிச் சாற்றுக்கு 'சினம்பலுகன்' என்று தனிப்பெயரே உண்டு. புளியமரம் ஆப்பிரிக்காவில் பிறந்து, இந்தியாவில் வேர்பிடித்து, கிழக்கே போன மரம். மணிலாவின் சம்பாலோக் வட்டாரம் அந்த மரத்தின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

புளியமரம் கரையேறும் முன்பே தீவுகளில் புளிப்புக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அந்தெங் பானையில் போட்ட காமியாஸ், கேரளத்தில் இரும்பன்புளி என்று சொல்லும் காய்தான். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பத்தாங்காஸ் மாகாணத்தில் அதை வெயிலில் உலர்த்தி வைத்துக்கொண்டு, மீன் அவிக்கும்போது பானையின் அடியில் பரப்புகிறார்கள். பனாய், நீக்ரோஸ் தீவுகளில் பத்துவான் என்ற காய் உண்டு. நம் குடம்புளிக்கும் இலங்கைக் கொறுக்காய்க்கும் அது நெருங்கிய உறவு, ஒரே பேரினம். அங்குள்ள இலோங்கோ மக்கள் பத்துவானைப் போட்டு வைக்கும் குழம்பில் துவரை, பன்றிக்கறி, பலாக்காய் மூன்றும் சேரும். மூன்றின் உள்ளூர்ப் பெயர்களிலும் முதல் எழுத்தை எடுத்து கே.பி.எல். என்றே அழைக்கிறார்கள். துவரை இந்தியாவில் பயிராக்கப்பட்ட பருப்பு. அது பன்றிக்கறியோடு கைகோத்துக்கொண்ட ஊர்களில் பனாய்த் தீவின் இலோயிலோவும் ஒன்று.

பட்டியல் இன்னும் நீளும். சந்தோல் பழம், கலமான்சி எலுமிச்சை, மந்தாரை இனத்தைச் சேர்ந்த அலிபாங்பாங் மரத்தின் புளித்த இலை, லிபாஸ் கொழுந்து. பம்பாங்கா மாகாணத்தில் கொய்யாப்பழம் போட்டுப் புளிப்பும் இனிப்புமாக ஒரு சாறு வைக்கிறார்கள். அங்கே அதன் பெயர் புலாங்லாங். ஜப்பானிய மிசோவைப் புளிப்போடு கலந்து, கடுகுக்கீரையும் மீனும் போடும் வகையும் உண்டு. கடலுக்கு அப்பால் மலேசியாவின் தெரெங்கானுவில் சிங்காங் என்ற புளித்த மீன் சாறு இன்றும் வீட்டுச் சமையல். ஒரே குடும்பத்தின் கிளைகள் என்பது பார்த்தாலே தெரியும்.

1565இல் பிலிப்பைன்ஸுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே கலியன் கப்பல்கள் ஓடத் தொடங்கின. 1815 வரை, இரண்டரை நூற்றாண்டு அந்தப் போக்குவரத்து நீடித்தது. சீனப் பட்டும் பீங்கானும் போயின, மெக்சிகோ வெள்ளி வந்தது என்று பள்ளிப் பாடம் சொல்லும். சமையலறைக்கு வந்தவை தக்காளி, மிளகாய், கொய்யா. இன்றைக்குத் தக்காளி இல்லாத சினிகாங்கை யாரும் ஏற்கமாட்டார்கள். நீளப் பச்சைமிளகாய்க்குச் சந்தையில் 'சினிகாங் மிளகாய்' என்றே பெயர். இரண்டும் கலியன் தந்த சீதனம். எதிர்த்திசையில் போனவற்றில் மா முக்கியமானது. மெக்சிகோவில் இன்றும் ஒரு மாம்பழ வகையை 'மணிலா' என்றே விற்கிறார்கள்.

அந்த மாமரம் பிலிப்பைன்ஸுக்கு எப்படி வந்தது? தீவுகளில் இயல்பாகவே வளரும் காட்டுமா ஒன்று உண்டு. பஹுத்தான் என்று பெயர். காய் சிறியது, புளிப்பு கடுமையானது, பச்சையாகவே தின்பதற்கும் ஊறுகாய்க்கும் ஏற்றது. இந்திய மா, ஸ்பானியர் வருவதற்கு முன்பே மலாய் வணிகத் தடங்கள் வழியாக வந்து சேர்ந்தது. தாகலோக் மொழியில் அதன் பெயர் மங்கா. தமிழ் 'மாங்காய்' மலாய் மொழியில் புகுந்து அங்கே சென்றிருக்கிறது என்று மொழியறிஞர்கள் காட்டுகிறார்கள். பிற்காலத்தில் வந்த இன்னொரு வகைக்கு 'இந்தியன் மாங்கா' என்றே பெயர். காயாக இருக்கும்போதே இனிப்புத் தட்டும் அதை மணிலாத் தெருக்களில் தோல் சீவி, குச்சியில் குத்தி, இறால் விழுதோடு விற்கிறார்கள். சினிகாங்குக்கு அது ஆகாது. புளிப்பு போதாது. பானைக்கு ஏற்றது, உலகம் பழமாகக் கொண்டாடும் கரபாவ் மாவின் முற்றாத காய்தான்.

கரபாவ் என்பது எருமையின் பெயர். பனாய்க்கும் நீக்ரோஸுக்கும் இடையிலுள்ள சின்னஞ்சிறு குயிமராஸ் தீவு இந்த வகைக்குப் பேர்போனது. வெளியூர் மாவை அத்தீவுக்குள் கொண்டுவரவே தடை இருக்கிறது. 1987இல் பலவான் தீவில் மாங்கூழ் வண்டு கண்டுபிடிக்கப்பட்டது; அதிலிருந்து பலவான் மாம்பழம் மற்ற மாகாணங்களுக்குப் போகவும் கட்டுப்பாடு வந்தது. குயிமராஸ்காரர்கள் தங்கள் மாவுக்கு அவ்வளவு காவல் போடுகிறார்கள். மரத்தில் தொங்கும் ஒவ்வொரு காய்க்கும் பழைய செய்தித்தாளில் பை செய்து மாட்டுவது பிலிப்பைன்ஸ் மாந்தோப்புகளில் வழக்கமான காட்சி. பைக்குள் இருப்பது பழமாகி நல்ல விலைக்குப் போகும். காற்றில் உதிர்ந்ததும், கிளையின் பாரம் குறைக்கப் பறித்ததும் காயாகச் சந்தைக்கு வரும். சமையல்காரருக்கு வேண்டியது இந்தக் காய்தான்.

மாவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஒரு வருஷம் பூத்துக் குலுங்கும், மறுவருஷம் ஏமாற்றிவிடும். பூக்கவைக்க விவசாயிகள் பழைய வழியொன்றை வைத்திருந்தார்கள். மரத்தடியில் சருகும் பச்சை இலையும் போட்டுப் புகைமூட்டம் போடுவார்கள். நாள் கணக்கில் புகை அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மழை வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். புகையிலுள்ள எத்திலீன் வாயுதான் மரத்தைப் பூக்கத் தூண்டுகிறது. செலவும் கூலியும் அதிகம், பலன் நிச்சயமில்லை.

இந்தப் புகைக்கு முடிவு கட்டியவர் ராமோன் பார்பா. 1939இல் இலோகோஸ் நோர்தேயில் பிறந்த தோட்டக்கலை அறிஞர். நீரில் சுமார் ஒரு சதவீதம் வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், கரைத்துத் தெளித்தால் போதும். ஒரு வாரம் பத்து நாளில் மாமரம் மொட்டு விடும் என்று 1970களின் தொடக்கத்தில் அவர் செய்து காட்டினார். காப்புரிமை இருந்தும் விவசாயிகளிடம் அவர் பணம் கேட்கவில்லை. 2014இல் அரசு அவருக்குத் தேசிய விஞ்ஞானி பட்டம் அளித்தது, 2021இல் காலமானார். அவர் கண்டுபிடிப்பால் பருவத்துக்கு வெளியிலும் மா காய்க்கத் தொடங்கியது. பெரும்பாலும் ஏப்ரல், மே என்று இருந்த மாங்காய்ப் புளிப்பு, ஆண்டின் மற்ற மாதங்களிலும் சினிகாங் பானைக்கு எட்டியது. ஏற்றுமதிப் பழத்துக்காக நடந்த ஆராய்ச்சியின் பலன் வீட்டுச் சாற்றுக்கும் வந்து சேர்ந்தது.

மாங்காய் போட்ட பன்றி சினிகாங்கை அங்கே எப்படி வைக்கிறார்கள் என்று அருகில் போய்ப் பார்க்கலாம். கறியில் கொழுப்பு வேண்டும். லியெம்போ என்னும் வயிற்றுக்கறியோ, புத்தோ-புத்தோ என்னும் எலும்புக்கறியோ எடுக்கிறார்கள். கறியைக் குளிர்ந்த நீரில் போட்டு அடுப்பேற்றி, முதல் கொதியில் திரளும் சாம்பல் நிற நுரையைக் கரண்டியால் அள்ளிக் கொட்டுகிறார்கள். பிறகு வெங்காயம், தக்காளி. நீராகப் பலர் ஊற்றுவது அரிசியின் இரண்டாவது கழுநீர். முதல் கழுநீரில் தவிடும் தூசியும் போய்விடும். இரண்டாவதில் மெல்லிய மாவு தங்கும், சாற்றுக்கு அது வழுவழுப்பைத் தரும். செட்டிநாட்டு மண்டிக்குக் கழுநீரை எடுத்து வைக்கும் அதே கணக்கு.

மிதமான தீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கறி வேக வேண்டும். அதற்குள் தோல் சீவி நறுக்கிய மாங்காயைச் சிலர் அதே சாற்றிலும் சிலர் தனிப் பாத்திரத்திலும் குழைய வேகவிடுகிறார்கள். ஒரு கிலோ கறிக்கு நடுத்தர அளவில் மூன்று நான்கு காய் போதும். கொட்டை முற்றாத காயாக இருந்தால் புளிப்பு கூர்மையாக இருக்கும். உள்ளே மஞ்சள் படர்ந்துவிட்டால் மாச்சத்து சர்க்கரையாகி, அமிலம் இறங்கி, சாறு தித்திக்க ஆரம்பிக்கும். வெந்த காயை மசித்து, வடிகட்டியில் தேய்த்து, சக்கையை எறிந்துவிட்டு, விழுதை மட்டும் பானையில் சேர்க்க வேண்டும். புளியங்காய்ச் சாறு கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். மாங்காய்ச் சாறோ லேசாகக் கலங்கி, இளமஞ்சள் காட்டி, மூக்குக்கு முதலில் மாங்காய் வாசனை தரும்.

வரிசையில்தான் கைத்திறன் தெரியும். சேப்பங்கிழங்கைப் புளிப்பு சேர்ப்பதற்கு முன்பே போட்டு வேகவைத்துவிட வேண்டும். அமிலம் ஏறிய நீரில் காயும் கிழங்கும் எளிதில் வேகாது. கிழங்கில் ஒரு பாதியைக் கரைய விட்டுச் சாற்றைக் கெட்டியாக்குகிறவர்கள் உண்டு. அடுத்து முள்ளங்கி, காராமணிக்காய், பிறகு கத்தரி, வெண்டை. பச்சைமிளகாயைக் கீறாமல் முழுசாகப் போடுகிறார்கள். மணம் இறங்கும், காரம் இறங்காது. காரம் வேண்டுகிறவர் சாப்பிடும்போது அதையே கரண்டியால் நசுக்கிக்கொள்வார். கடைசியில் கங்குன் கீரை. அடுப்பை அணைத்த பிறகு போட்டு மூடிவைத்தால் போதும்; புளிப்பில் கொதித்தால் பச்சை மங்கி மண் நிறத்துக்குப் போய்விடும். மேசையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பாதிஸும் நசுக்கிய காந்தாரி மிளகாயும் இருக்கும். கறித்துண்டை அதில் தொட்டுக்கொள்கிறார்கள். புளிப்பு சமையல்காரர் கணக்கு. உப்பும் உறைப்பும் சாப்பிடுகிறவர் கணக்கு.

இத்தனை வேலையையும் ஒரு பாக்கெட்டுக்குள் அடக்கும் காலம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. வழிகாட்டிகளில் முதல் வரிசையில் இருந்தவர் மரியா ஒரோசா (1893-1945). பத்தாங்காஸின் தால் ஊரில் பிறந்து, அமெரிக்காவின் சியாட்டிலில் வேதியியல் படித்துத் திரும்பியவர். வாழைப்பழ கெச்சப்பின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். மின்சாரம் இல்லாத வீடுகளுக்காக மண்பானையில் ஓர் அடுப்பு வடிவமைத்தார். கலமான்சிச் சாற்றைப் பொடியாக்கியதும் அவர்தான். உள்நாட்டுப் புளிப்பை உலர வைத்து டப்பாவில் அடைக்க முடியும் என்பதை அது காட்டியது. 1945 பிப்ரவரியில் மணிலாப் போரின்போது குண்டுவீச்சில் அவர் உயிரிழந்தார்.

இன்னொரு சரடு ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து வருகிறது. ஹோட்டல் என்றால் ஐரோப்பியச் சாப்பாடு என்றிருந்த நாளில், வீட்டுச் சமையலைத் துணிந்து பரிமாறியவர் எங்ராசியா குரூஸ்-ரேயெஸ் (1892-1975). மணிலாவில் 1936இல் அவர் தொடங்கிய அரிஸ்டோக்ராட் உணவகம் இன்றும் இயங்குகிறது. அவரது மகள் தெரெசிதா ரேயெஸ் (1917-1998), ஊருக்கு மாமா சிதா. 1980களில் அவர் பெயரிலேயே குடும்பத்தார் மசாலாக் கலவைகள் விற்கத் தொடங்கினார்கள்; புளியங்காய் சினிகாங் கலவை அதில் ஒன்று. 'நார்' (Knorr) போன்ற பன்னாட்டு பிராண்டுகளும் அதே சந்தையில் இறங்கின. வழக்கமான பாக்கெட்டில் புளிப்பொடி, சிட்ரிக் அமிலம், உப்பு, அஜினோமோட்டோ வகைச் சுவையூட்டி இருக்கும். சிலவற்றில் சேப்பங்கிழங்கு மாவும் உண்டு. கொதிக்கும் பானையில் கொட்டினால் ஐந்து நிமிஷத்தில் புளிப்பு.

பாக்கெட்டுக்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். வளைகுடா, ஹாங்காங், கலிபோர்னியா, கப்பல் தளம் என்று பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் போன இடமெல்லாம் பெட்டிக்குள் அது கூடவே போயிற்று. பன்றிக்கறிக்குத் தடை உள்ள சவூதியில் அதே பாக்கெட்டை மாட்டுக்கறியில் கொட்டிச் சமைத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்கு ஒரு விலையும் கொடுத்தாயிற்று. மாதத்துக்கு மாதம், தீவுக்குத் தீவு மாறிய புளிப்பு, ஒரே தரத்துப் புளியம் புளிப்பாக நாக்கில் உறைந்துவிட்டது. கொய்யா, மிசோ என்று பிற்பாடு பாக்கெட் வகைகள் பெருகினாலும், நகரத்தில் வளர்ந்த தலைமுறைக்குச் சினிகாங் என்றால் முதலில் நினைவுக்கு வருவது புளிதான். மாங்காயும் பத்துவானும் 'பாட்டி ஊர்ச் சமையல்' என்ற தட்டுக்குப் போய்விட்டன.

பானையின் மறுபாதியான பன்றிக்கும் சோதனை வந்தது. 2019 செப்டம்பரில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டுக்குள் புகுந்ததை அரசு உறுதி செய்தது. பண்ணைகள் காலியாகி விலை எகிறியது. 2021 பிப்ரவரியில் மணிலா மாநகரப் பகுதிக்கு அரசு உச்சவரம்பு விதித்தது: தோள்கறி, தொடைக்கறி கிலோ 270 பெசோ, வயிற்றுக்கறி 300 பெசோ, 60 நாளைக்கு. அந்த விலைக்கு விற்றால் கட்டுபடியாகாது என்று பல கறிக்கடைக்காரர்கள் கடையைச் சாத்திக்கொண்டு போனார்கள். வீடுகளில் பானை நிற்கவில்லை. மீன், கோழி, இறால் என்று மாறிக்கொண்டது. ஃபெர்னாண்டஸ் எழுதியபடியே நடந்தது.

அதே ஆண்டு ஜூலையில் வேறொரு சர்ச்சை. வர்த்தகத் துறையின் தர நிர்ணயப் பிரிவு, அடோபோவுக்குத் தேசியத் தரம் வகுக்கப்போவதாகவும் சினிகாங் போன்ற பிற உணவுகளும் அடுத்து வரும் என்றும் அறிவித்தது. 'எங்க அம்மா வைப்பதுதான் தரம்' என்ற தொனியில் நாடு முழுக்கக் கேலியும் கோபமும் கிளம்பின. வெளிநாடுகளில் அறிமுகப்படுத்த ஒரு அடிப்படைச் செய்முறைதான், வீட்டுச் சமையலைக் கட்டுப்படுத்தாது என்று துறை விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. சினிகாங் விஷயத்தில் அந்த முயற்சி தொடக்கத்திலேயே இடறும். புளிப்பு எதிலிருந்து வர வேண்டும் என்று எழுதினால் பாதித் தீவுகள் வெளியே நின்றுவிடும். அதே 2021இல் 'டேஸ்ட் அட்லஸ்' இணையதளம் சினிகாங்கை உலகின் சிறந்த காய்கறி சூப்பாக வரிசைப்படுத்தியது. பன்றிக்கறி மிதக்கும் பானைக்குக் காய்கறிப் பட்டம்!

வரலாற்றைப் பார்த்தால், மாங்காய் சினிகாங்கைப் புளி கிடைக்காதபோது செய்யும் மாற்று ஏற்பாடு என்று ஒதுக்குவதில் நியாயமில்லை. மரத்தில் எது காய்த்திருக்கிறதோ அதைப் போடு என்பதுதான் அந்தச் சமையலின் பழைய விதி. ரிசாலின் கதாபாத்திரம் காமியாஸ் போட்டதும் அதே விதிப்படிதான். பாக்கெட் வந்து ஓரிரு தலைமுறைதான் ஆகிறது.

செய்து பார்க்க விரும்பும் தமிழ் வாசகருக்குப் பங்குனி, சித்திரை தோதான மாதங்கள். மாங்காய், முள்ளங்கி, சேப்பங்கிழங்கு, கத்தரி, வெண்டை, காராமணி எல்லாம் நம் சந்தையிலேயே கிடைக்கும். கங்குன் கிடைக்காவிட்டால் பசலை போடலாம். மீன்சாறு இல்லையென்றால் கல்லுப்பு போதும். பன்றி சாப்பிடாதவர்கள் மீனோ இறாலோ போட்டுக்கொள்ளலாம். மஞ்சள்தூளும் தாளிப்பும் வேண்டவே வேண்டாம். மாங்காயை மட்டும் கொட்டை முற்றாததாகப் பார்த்து வாங்குங்கள்.